பிள்ளைக்கு எடை பார்த்தாச்சு, பெற்றவளுக்கு?

மிஸ்ஸி பதில்கள் – இந்த வாரம் கேமரன் மலைக் கடிதங்கள் மட்டும்

சர்க்கரை நோயைப் பற்றிக் கேட்கிற வாசகர் பெயர், ஊர், வீட்டு எண் வரைக்கும் எழுதுகிறார். பிள்ளை பெற்ற பிறகு மனசு சரியில்லை என்று எழுதுகிறவரோ கடிதத்தின் அடியில் மூன்று கோடு போட்டுப் 'பெயர் வேண்டாம்' என்கிறார். ஆகவே ஊரை மட்டும் வைத்துக்கொண்டு எல்லார் பெயரையும் எடுத்துவிட்டேன். மாமியார்கள் நிம்மதியாகப் படிக்கலாம்.

பிள்ளை பிறந்து நான்கு நாள். சுகப்பிரசவம், ஆசைப்பட்ட பெண் குழந்தை, வீடு நிறைய ஆள். ஆனால் நான் மட்டும் காரணமே இல்லாமல் அழுகிறேன். எனக்கு என்ன கோளாறு? – ரிங்லெட்

கோளாறு ஒன்றும் இல்லை தங்கச்சி, காலண்டரைப் பாருங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இந்த அழுகை வருவது பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் உண்டு. கர்ப்பத்தில் ஏறியிருந்த ஹார்மோன்கள் நஞ்சு விழுந்த கையோடு மளமளவென்று இறங்கும். பால் கட்டும். தூக்கம் போன இடம் தெரியாது. இதற்கு மாத்திரை வேண்டாம். யாராவது பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு உங்களை நாலு மணி நேரம் தூங்கவிட்டால் பாதி சரியாகும். மீதி இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விட வேண்டும்.

சுவர்க் காலண்டரில் 14-ஆம் நாளை வட்டமிட்டு வையுங்கள். அதைத் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, சோறு இறங்கவில்லை, பிள்ளை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, பிள்ளையைத் தூக்கவே மனம் வரவில்லை என்றால் அது வேறு கணக்கு. கிளினிக்கில் சொல்லுங்கள். செத்துவிடலாம் போலத் தோன்றினால் மட்டும் வட்டம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே சொல்ல வேண்டும்.

நாங்களெல்லாம் பிள்ளை பெற்று, பச்சை உடம்பு காயும் முன்னே கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனோம். இந்தக் காலத்துப் பெண்களுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த டிப்ரஷன்? – ஒரு மாமியார், பிரிஞ்சாங்

அம்மா, அந்தக் கூடைக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனால் கூடையோடு வேறு சிலதும் உங்களுக்கு இருந்தது. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பச்சை உடம்புக்காரி. பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆயாக்கொட்டாய். காய்ச்சல், தலைவலி என்றால் தோட்டத்து டிரெசர். நீங்கள் அழுதால் ஆறு வீட்டுக்குக் கேட்கும், அதில் இரண்டு பேராவது எட்டிப் பார்ப்பார்கள். உங்கள் மருமகள் இருப்பதோ கடைவீட்டு மாடி. கீழே ஸ்ட்ராபெர்ரி வாங்க வந்த கூட்டம், மேலே அவளும் பிள்ளையும் நான்கு சுவரும். குளிர் பட்டுவிடும் என்று ஜன்னலையும் நீங்களே சாத்திவிட்டீர்கள்.

உங்கள் காலத்தில் இது இல்லவே இல்லை என்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'அவளுக்குச் சன்னி கண்டுவிட்டது', 'காத்துக் கருப்பு பட்டுவிட்டது' என்று ஒருத்தியைப் பற்றியாவது நீங்களும் பேசியிருப்பீர்கள். பாரிஸ் மருத்துவர் லூயி விக்டர் மார்சே பிள்ளைப்பேற்றையொட்டி வரும் மனநோய்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அது 1858. உங்கள் மலையின் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். மலையில் அந்தத் தேயிலை முளைக்க 71 ஆண்டுக்கு முன்பே நோய் புத்தகத்தில் ஏறிவிட்டது.

நம்மவர் கதைக்கு வருகிறேன். வேலூர் மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் சந்தித்துப் பேசி, 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர். எந்த வீடுகளில் அதிகம் என்று பார்த்தால் வருமானம் குறைந்த வீடு, ஆண் பிள்ளைக்குக் காத்திருந்து பெண் பிறந்த வீடு, கர்ப்பத்தின்போது துயரம் நடந்த வீடு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாத வீடு, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனக்கசப்பு உள்ள வீடு. பட்டியலில் உங்கள் பதவியும் இருக்கிறது அம்மா, கோபிக்கக் கூடாது. ஆனால் 'ஒத்தாசைக்கு ஆள்' என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அந்த வேலைக்கு உங்களை விட்டால் அந்த வீட்டில் வேறு யார்?

என் மாமியார் இந்தப் பகுதியைத் தவறாமல் படிப்பார். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். – பிரிஞ்சாங்

சொல்லியாகிவிட்டது. பத்திரிகையை அந்தப் பக்கம் மேலே தெரியும்படி சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்துவிடுங்கள். (மேலே எழுதியிருப்பவர் உங்கள் மாமியார்தானா என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.)

கிளினிக் மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார். பிள்ளைக்கு எடை பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், தையலைப் பார்த்தார். என் மனைவியிடம் "ஓகேயா?" என்றார். அவள் "ஓகே" என்றாள். அவர் போனதும் அறைக்குள் போய் அழுதாள். இதற்குமேல் மிஸ்ஸி என்ன கேட்டிருக்க வேண்டும்? – கம்போங் ராஜா

தம்பி, 'ஓகேயா' என்ற கேள்விக்கு இந்த நாட்டில் ஒரே பதில்தான் உண்டு. அதைத் தெரிந்தே கேட்பவர் பதிலுக்காகக் கேட்கவில்லை, கிளம்புவதற்காகக் கேட்கிறார்.

ஆனால் அந்த மிஸ்ஸியைத் திட்டிவிடாதீர்கள். பிரசவமான முதல் மூன்று வாரங்களில் அரசாங்கத் தாதி பலமுறை வீடு தேடி வருகிறாரே, அந்த வழக்கம் மலேசியாவின் பெரிய சொத்து. பல பணக்கார நாடுகளில்கூடப் பிள்ளை பெற்றவளுக்கு இத்தனை தடவை கதவு தட்டப்படுவதில்லை. மலைச்சரிவு, மழை, பனிமூட்டம், வார இறுதியில் கியா ஃபார்ம் நெரிசல், எல்லாவற்றையும் தாண்டி ஒருவர் வாசல் வரைக்கும் வந்துவிட்டார். இன்னும் ஐந்து நிமிஷம்தான் பாக்கி.

அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன கேட்பது? பிள்ளையைத் தராசிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, தாயின் பக்கத்தில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு கேட்டால் பதில் வராது. 'போன ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, இனி ஒன்றும் நல்லது நடக்காது என்று இருந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில்கூட நாட்டம் விட்டுப் போயிற்றா?' உலகம் முழுக்கத் தாதிகள் கேட்கிற கேள்விகள் இவை. இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் பையை மூடக் கூடாது. அதற்குப் பிறகு இருக்கிறது, எல்லாரும் விழுங்கிவிடுகிற மூன்றாவது கேள்வி: 'செத்துப்போய்விடலாம் என்று தோன்றியதா? பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா?' கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று தாதிகளே தயங்குவார்கள். அப்படி யாருக்கும் ஊட்ட முடியாது. மனநலப் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் கண்டது, கேட்டதும் பலர் அழுவார்கள், ஒருத்தியாவது கேட்டாளே என்று.

இன்னொரு சங்கடமும் உண்டு. வருகிற தாதிக்குத் தமிழ் தெரியாது. உங்கள் மனைவியின் மலாய் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். நடுவில் நின்று மொழிபெயர்ப்பது நீங்களோ உங்கள் அம்மாவோ. 'வீட்டுக்காரர் எப்படி நடத்துகிறார்?' என்ற கேள்வியை வீட்டுக்காரரே மொழிபெயர்த்தால் பதிலும் அவருடையதாகத்தான் இருக்கும். தமிழ் பேசும் தாதி ஒருவரோடு தொலைபேசியிலாவது பேச வைக்கும்படி கேளுங்கள். மனைவிக்கு ஓரளவு மலாய் வருமானால் நீங்கள் டீ போடப் போங்கள். மெதுவாகப் போடுங்கள்.

கிளினிக்கில் 10 கேள்வி உள்ள தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். பாஸ் மார்க் எத்தனை? – தானா ராத்தா

முட்டை வாங்கினால் முதல் மாணவி.

எடின்பரோ அளவுகோல் அது. ஸ்காட்லாந்தில் செய்து 1987-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 30, ஏற ஏறக் கவலை. பிரிட்டனில் 13-ஐத் தொட்டால் உட்கார வைத்துப் பேசு என்பார்கள். அதே தாளைத் தமிழாக்கி வேலூரில் நம் பெண்களிடம் சோதித்தபோது கோட்டை அதைவிடக் கீழே போட வேண்டியிருந்தது. துக்கத்தைக்கூட நாம் தள்ளுபடி விலையில்தான் எழுதுகிறோம் என்பது என் யூகம். நோய் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லும் தாள் இல்லை அது. யாரிடம் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் என்று காட்டுகிற தாள். கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர எது விழுந்தாலும் கூட்டல் கணக்கைப் பார்க்காமல் அன்றே பேச வேண்டும்.

பக்கத்தில் மாமியார் உட்கார்ந்து எட்டிப் பார்க்கும்போது நிரப்பிய தாளுக்கு மதிப்பில்லை. வேறு தாள் கேட்டு வாங்குங்கள்.

ஆறு மாதக் கர்ப்பம். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு டீ குடிக்கக் கூடாதாம், அதனால்தான் எனக்குப் படபடப்பாம். நிஜமா? – ஹாபு

குடிக்கலாம். கர்ப்பத்தில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்குள் என்பது கணக்கு. இரண்டு மூன்று கோப்பை டீ அதற்குள் அடங்கிவிடும், கோப்பை என்பது குவளையாக இல்லாத வரைக்கும். ஆனால் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். உடம்பில் ஒட்டாது. ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

படபடப்புக்கு வருவோம். இரத்தசோகை, தைராய்டு இரண்டும் மனநோயின் வேஷத்தில் வரும். சோர்வு, படபடப்பு, தூக்கமின்மை என்று வருகிற கர்ப்பிணிக்கு மனசையும் கேட்க வேண்டும், இரத்தத்தையும் பார்க்க வேண்டும். இரத்தத்தில் குறை ஒன்றும் இல்லாமல், பயம் மட்டும் நாள் முழுக்க மார்பில் உட்கார்ந்திருந்தால் அதுவும் சிகிச்சை உள்ள நோய்தான். 'எல்லாம் பிள்ளை பிறந்தால் சரியாகும்' என்று தள்ளிப்போடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் கண்டுபிடிக்கப்படும் மனச்சோர்வில் ஒரு பங்கு கர்ப்பத்திலேயே தொடங்கிவிட்டது.

மனநலத் தாதி என்பவர் என்னதான் செய்வார்? ஊசி போடுவாரா, அறிவுரை சொல்வாரா? – ரிங்லெட்

அறிவுரையைத் தோட்டமே இலவசமாகத் தரும். அதற்கு ஒரு தாதி எதற்கு?

முதல் வேலை கணக்கெடுப்பது: நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை வேளை சாப்பிட்டாய், கடைசியாக எப்போது குளித்தாய். அடுத்து, தாய் பிள்ளையை எப்படித் தூக்குகிறாள், முகத்தைப் பார்க்கிறாளா, பிள்ளை சிணுங்கினால் அவள் உடம்பு எப்படி விறைக்கிறது என்று பார்ப்பது. கையில் அப்போது ஒரு வேலையும் இருக்காது, ஆனால் அதைவிட நுட்பமான வேலை எனக்குத் தெரியாது. பிறகு குடும்பத்தை உட்கார வைத்து இரவுக் கணக்கைப் பிரிப்பார். யார் எத்தனை மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்வது, தாய்க்கு ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத் தூக்கம் எப்படிக் கிடைப்பது என்று. மாத்திரை எழுதியிருந்தால் அது வயிற்றுக்குப் போகிறதா, ஜன்னலுக்கு வெளியே போகிறதா என்றும் பார்ப்பார். 'என்னால் பிள்ளையை நேசிக்க முடியவில்லை' என்று ஒருத்தி சொல்லும்போது முகம் சுளிக்காமல், 'அப்படிச் சொல்லாதே' என்று தடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். இந்தக் கடைசி வேலைக்குத்தான் பல வருஷப் பயிற்சி வேண்டும். அமெரிக்கத் தாதி ஹில்டகார்ட் பெப்லோ 1952-இல் எழுதிய நூலில், தாதிக்கும் நோயாளிக்கும் நடுவே உண்டாகும் உறவே சிகிச்சையின் பாகம் என்று நிறுவினார். அதுவரை தாதி என்றால் டாக்டர் சொன்னதைச் செய்கிற கை என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். இன்னும் சிலர் நினைக்கிறார்கள்.

மனசுக்கு மருந்து கேட்டுப் போனால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களாமே? – பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்

நம் ஊரில் ஒருவரை மட்டம் தட்ட வேண்டும் என்றால் வாயில் வருகிற முதல் ஊர் அது. பாவம், அங்கே இருப்பது 1911-இலிருந்து இயங்கும் ஒரு மருத்துவமனை. ஹாஸ்பிடல் பஹாகியா உலு கிந்தா என்று பெயர். அதன் பேரைச் சொல்லிச் சொல்லியே நூறு வருஷமாகப் பிள்ளைகளை மிரட்டியிருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாயானதும் கிளினிக் வாசலில் நின்று நடுங்குகிறார்கள்.

நடப்பது இதுதான். முதலில் உங்கள் ஊர் சுகாதாரக் கிளினிக்கின் டாக்டர் பார்ப்பார். கட்டணம் ஒரு ரிங்கிட். அந்தக் காசுக்கு உங்கள் ஊரில் ஒரு சோளம்கூட வராது. பெரும்பாலோருக்குப் பேச்சு, வீட்டு ஒத்தாசை, தேவையானால் மாத்திரை, அதோடு சரி. அதற்கு மேல் வேண்டியவர்களை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மாதிரிப் பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கேயும் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களே அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை. கேமரன் மலை பகாங். ஆனால் தாப்பாவுக்கு இறங்கும் பழைய பாதையும் சிம்பாங் பூலாயிக்கு இறங்கும் புதுப்பாதையும் கொண்டுபோய் விடுவது பேராக்கில். பகாங் தலைநகர் குவாந்தானோ நாட்டின் மறுகரையில். ஆகவே டாக்டர் கடிதம் எழுதும்போதே அவரிடம் சொல்லுங்கள்: 'பிள்ளையோடு நான் போய்த் திரும்பக்கூடிய இடத்துக்கு எழுதுங்கள்' என்று. நிபுணர் மலைக்கு வருகிற நாள் உண்டா என்றும் கேளுங்கள். கேட்பது உரிமை.

பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009-இல் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 5 கட்டில்களோடு தொடங்கியது. தாய்க்கு மருந்து, பிள்ளைக்குப் பால், பாட்டிக்குப் பாடம், மூன்றும் ஒரே இடத்தில். இப்படி ஒன்று நம் ஊர்ப் பெரிய மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வேண்டும் என்று பேராசை எனக்கு.

தங்கைக்குப் பிரசவமாகி எட்டு நாள். மூன்று இரவாகத் தூங்கவில்லை. ஓயாமல் பேசுகிறாள். இது என் பிள்ளை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்கிறாள். யாரோ காதில் பேசுகிறார்களாம். தண்டாயுதபாணி கோயிலுக்கு அழைத்துப்போகலாம் என்கிறார் அத்தை. – தோட்டத்து வாசகி

இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களோடு பேசிவிட்டோம். மற்ற வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன், வேடிக்கைப் பேச்சு இல்லாமல்.

இது மனச்சோர்வு இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனக்கலக்கம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று, மணிக்கு மணி மாறிக்கொண்டு வரும். காலையில் தெளிவாகப் பேசினாள் என்று ஏமாறக் கூடாது. உயிருக்கு ஆபத்தான அவசரம் இது, இரத்தப்போக்கு மாதிரியே. 999-ஐ அழையுங்கள், அல்லது தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜ்ஜா கல்சோம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள். போகும் வரைக்கும் ஒரு நிமிஷம்கூட அவளைத் தனியாக விடக் கூடாது, அவளிடம் பிள்ளையைத் தனியாகவும் விடக் கூடாது. 'அது உன் பிள்ளைதான்' என்று வாதாடாதீர்கள். 'உனக்குப் பயமாக இருக்கிறது, நான் கூடவே இருக்கிறேன்' என்பது போதும். அவளுக்கோ குடும்பத்தில் வேறு யாருக்கோ முன்பு மனநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சிகிச்சை எடுத்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். அடுத்த பிரசவத்தில் மறுபடி வரக்கூடும் என்பதால் அடுத்த கர்ப்பத்தின் முதல் பதிவிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

கோயிலுக்கும் போகலாம். முருகன் காத்திருப்பார்.

மனசுக்கான மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் விஷமாகிவிடுமா? – புளூ வேலி

ஆகாது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் பாலில் மிகக் கொஞ்சமே இறங்கும். பால் கொடுக்கிறவர்களுக்கு டாக்டர்கள் துணிந்து எழுதுவது அதனால்தான். எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட்டைக் கர்ப்பத்தில் எடுத்தால் சிசுவைப் பாதிக்கும், பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களுக்குக் கூடுமானவரை அதைத் தவிர்ப்பார்கள். இப்படி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். தெரிந்ததும் நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையால் வரும் ஆபத்தை எல்லாரும் கேட்கிறார்கள். மாத்திரையை நிறுத்தி நோய் திரும்பினால் வரும் ஆபத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

தற்கொலைக்கு முயன்றேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸ் வருமா? – தானா ராத்தா

முன்பு அது குற்றம். தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. இப்போது நீங்கள் நோயாளி, குற்றவாளி இல்லை. சொல்லுங்கள்.

ஆம்பளைக்கும் இது வருமா? சிரிக்காமல் பதில் சொல்லவும். – புதுத் தகப்பன், கம்போங் ராஜா

சிரிக்கவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியிட்ட கணக்கில் புதுத் தகப்பன்மாரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு. தாய்க்கு இருக்கும் வீட்டில் தகப்பனுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்கள் அழுவதைவிட எரிந்து விழுவார்கள், வேலையே கதி என்று கிடப்பார்கள், பாட்டிலைத் தேடுவார்கள். 2023 ஜனவரியிலிருந்து தகப்பனுக்கும் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு உண்டு. கல்யாணமாகி, அதே முதலாளியிடம் ஒரு வருஷம் வேலை பார்த்திருந்தால் கிடைக்கும், 30 நாள் முன்னால் தெரிவிக்க வேண்டும். தாய்க்கு 60 நாளாக இருந்தது 98 நாளானதும் அதே திருத்தத்தில்தான். அந்த 7 நாளை நண்பர்களுக்கு விருந்து வைத்துக் கழிக்காதீர்கள் தம்பி. இரவு டியூட்டி எடுங்கள்.

பக்கத்து லயத்தில் வெளிநாட்டுப் பெண். வயிற்றை மறைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறாள். யாரிடமும் பேசுவதில்லை. நாம் என்ன செய்ய முடியும்? – தோட்டத்து வாசகர்

வெளிநாட்டுத் தொழிலாளிக்கான மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால் தகுதி போயிற்று, ஊருக்கு அனுப்பு என்பதுதான் விதி. ஆகவே அவள் மறைக்கிறாள். மறைப்பதால் கிளினிக்குக்குப் போவதில்லை, போகாததால் அந்த 10 கேள்வித் தாளை அவளிடம் யாரும் நீட்டப்போவதில்லை. நம் பாட்டிமார் கப்பலில் வந்து இறங்கியபோதும் தோட்டத்துக்கு வேண்டியிருந்தது அவர்களுடைய விரல்கள்தான், வயிறு இல்லை. நூறு வருஷத்தில் ஆட்கள் மாறியிருக்கிறார்கள், விதி மாறவில்லை. எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை, எழுத்திலேயே சொல்கிறேன். உங்களால் முடிந்தது, உங்கள் வீட்டுப் பெண்கள் அவளோடு பேசுவது. ஒரு தட்டு சோறு, ஒரு போர்வை, 'வலி வந்தால் கதவைத் தட்டு' என்ற ஒரு சொல். முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

நிபுணர் என்றால் இரண்டு மணி நேரம் மலை இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. எங்களுக்கெல்லாம் இந்த மனநலப் பேச்சு எதற்கு? – கியா ஃபார்ம்

நியாயமான கோபம். ஆனால் நிபுணர் இறங்கி வராத ஊரிலும் வேலை நடந்திருக்கிறது. பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சேர்ந்த கிராமங்களில், மனநலப் படிப்பே இல்லாத கிராமச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குக் கொஞ்ச காலம் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பத்திலேயே மனச்சோர்வு கண்ட தாய்மாரின் வீடுகளுக்கு அவர்கள் போய், கோணலாக ஓடும் எண்ணத்தை எப்படி நிமிர்த்துவது என்று பேசினார்கள். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது, இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் சோர்வு மிச்சம் இருந்தது. அதே எண்ணிக்கையில் வீட்டுக்கு ஆள் வந்தும் இந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 53 பேர். 2008-இல் வெளியான ஆய்வு. பிறகு உலகச் சுகாதார நிறுவனமே அந்தப் பாடத்தைக் கையேடாக்கியது.

அங்கே ஆள் தேடி, பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்ப வேண்டியிருந்தது. இங்கே தாதி ஏற்கெனவே உங்கள் படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். நம் நாட்டில் 2016-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நூற்றுக்கு 4.4 பேருக்கு என்று வந்தது. கணியம்பாடிக்கு 11, நமக்கு 4.4. நாம் அவ்வளவு மகிழ்ச்சியானவர்களா, 'ஓகே' சொல்வதில் அவ்வளவு தேர்ந்தவர்களா என்று நான் யோசிப்பதுண்டு.

பத்தியம் 30 நாள் இருக்கிறேன். சுறாப்புட்டு, பூண்டு, மிளகு ரசம் எல்லாம் ஆச்சு. மனசுக்கு ஏதாவது பத்தியம் உண்டா? – ரிங்லெட்

உண்டு. இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்தவள் பிள்ளையின் படத்தைக் கைப்பேசியில் பார்ப்பதை விடுங்கள். பகலில் வெயில் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். 'பால் பத்தலையா?' என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிற விருந்தாளியை, கணவர் வாசலிலேயே உட்கார வைத்து உபசரித்து அனுப்பட்டும்.

எழுத நிறைய இருக்கிறது மிஸ்ஸி. எழுதத்தான் கை வரவில்லை. – ஊர் இல்லை, பெயர் இல்லை

எழுத வேண்டாம், பேசுங்கள். கடிதம் எனக்கு வந்து, நான் படித்து, அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 15999. உயிருக்கு ஆபத்து என்றால் 999. இல்லையென்றால் அடுத்த முறை தாதி பிள்ளைக்கு எடை பார்த்து முடித்ததும் கையைப் பிடித்து, 'மிஸ்ஸி, எனக்கும் கொஞ்சம் பார்க்கணும்' என்று சொல்லுங்கள்.